கீமோ மாத்திரை ஆரம்பிக்கப் போறாங்க, கை கால் எரிச்சலுக்கு க்ரீம் ட்ரயல்னு கேக்கறாங்க, அம்மாவைச் சேர்க்கலாமா?

ஊசிநூல்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க சும்மா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன், நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 54 வயசு. பெருங்குடல்ல கேன்சர், மூணாவது ஸ்டேஜ்னு சொன்னாங்க. போன மாசம் ஆபரேஷன் முடிஞ்சு தையல் எல்லாம் நல்லா ஆறிடுச்சு. வர்ற வியாழக்கிழமை கீமோ ஆரம்பம். கேபாக்ஸ்னு பேரு, முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், அப்புறம் 14 நாள் கேப்சிடபின் மாத்திரை காலை ராத்திரி, 7 நாள் லீவு, மறுபடி முதல்ல இருந்து. இது வரைக்கும் எனக்குப் புரிஞ்சுது.

நேத்து ஓபி முடிஞ்சு வெளிய வரும்போது ஒரு பொண்ணு ஃபைலோட வந்து, இந்த மாத்திரையால உள்ளங்கை உள்ளங்கால் எரிஞ்சு தோல் உரியும், அது வராம தடுக்கறதுக்கு ஒரு ட்ரயல் நடக்குது, ஒரு குரூப்புக்கு டைக்ளோஃபெனாக் ஜெல், இன்னொரு குரூப்புக்கு வேற க்ரீம், யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், 12 வாரம் தடவணும், சேர்றீங்களான்னு கேட்டாங்க. 9 பக்கத்துக்கு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க. தமிழ்லதான் இருக்கு, ஆனா அந்தத் தமிழ் எனக்கே புரியல.

வீட்ல வந்து சொன்னதும் பெரியப்பா குதிக்க ஆரம்பிச்சுட்டார். "ஏற்கனவே அறுத்துப் போட்டாச்சு, இப்ப எலி மாதிரி வச்சு சோதனை வேற பண்ணுவானுங்களா"ன்னு. அம்மா ஒண்ணும் சொல்லல. ஆனா ராத்திரி தனியா கூப்பிட்டு "ஏண்டி, கை தோல் உரிஞ்சா எப்படி ஊசி புடிக்கிறது"ன்னு மட்டும் கேட்டாங்க. அம்மா 30 வருஷமா ஜாக்கெட் தைக்கிறவங்க. கையும் போயி காலும் போச்சுன்னா மிஷின் பெடலும் மிதிக்க முடியாது. வருமானத்துக்குன்னு இல்ல, நான் வேலைக்குப் போறேன், ஆனா அவங்களுக்கு அதுதான் எல்லாம்.

யாராவது இந்த மாதிரி சைடு எஃபெக்ட் ட்ரயல்ல சேர்ந்திருக்கீங்களா? சேர்ந்தா கேன்சர் ட்ரீட்மென்ட்ல கை வைப்பாங்களா? சேரலன்னா டாக்டர் கோவிச்சுப்பாரா? டைக்ளோஃபெனாக்னா முட்டிவலிக்குத் தடவுவாங்களே அதானே, அது எப்படி இதுக்கு?

மலைக்கோட்டை ரவி

சேராதீங்க. அவ்ளோதான் என் பதில்.

கொஞ்சம் விளக்கமா சொல்லணும்னா, 2009, 2010-ல ஆந்திராவுலயும் குஜராத்லயும் பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு ஆராய்ச்சிங்கிற பேர்ல எச்பிவி தடுப்பூசி (கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வராம தடுக்கறது) போட்ட கதை ஞாபகம் இருக்கா. பெத்தவங்ககிட்ட கேக்காம ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து போட்டுக் குடுத்தாங்க. பார்லிமென்ட் கமிட்டி 2013-ல கிழிகிழின்னு கிழிச்சுது. அதனால உங்க பெரியப்பா பயப்படறதுல ஒண்ணும் தப்பு இல்ல. ஏழை பாழைன்னா எவனும் வந்து ஃபார்ம நீட்டுவான்.

வார்டுக்கு வெளிய

ரவி சார் சொன்ன சம்பவம் உண்மை, அதை நான் மறுக்கல. ஆனா அதை வச்சு எல்லா ட்ரயலையும் ஒரே மூட்டையில கட்டிட முடியாது. நான் ஒரு கேன்சர் ஆஸ்பத்திரியில ட்ரயல் கோஆர்டினேட்டரா 6 வருஷம் இருந்தேன், இப்ப இல்ல, அதனால யாருக்கும் சப்போர்ட் பண்ண வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. ஃபைலோட வந்து நின்னுச்சே அந்தப் பொண்ணு, அந்த வேலைதான் நான் பாத்தது.

முதல்ல ஒண்ணு பிரிச்சுப் பாருங்க. கேன்சருக்கே புது மருந்து குடுத்துப் பாக்கறது ஒரு வகை. ட்ரீட்மென்ட் அதேதான், அதனால வர்ற வாந்தி, வாய்ப்புண், கை கால் எரிச்சல் இதை எப்படிக் குறைக்கலாம்னு பாக்கறது இன்னொரு வகை. உங்க அம்மாவுக்கு கேட்டது இந்த ரெண்டாவது. அதே கேபாக்ஸ்தான், அதே டோஸ்தான், சேந்தாலும் சேராட்டியும். கூட ஒரு ட்யூப் வரும், அவ்ளோதான் வித்தியாசம். இருந்தாலும் அதை ஃபார்ம்ல எழுத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க.

டைக்ளோஃபெனாக் எப்படின்னு கேட்டீங்க. இந்த மாத்திரையால உள்ளங்கையில வர்றது ஒரு மாதிரி அழற்சி. காக்ஸ்-2ன்னு உடம்புல ஒரு என்சைம், அது தூண்டி விடறதால செவந்து, வீங்கி, எரியுது. முட்டிவலியிலயும் அதே என்சைம்தான், டைக்ளோஃபெனாக் அதைத்தான் அமுக்கும். முதல்ல இதே வேலைக்கு செலிகாக்ஸிப் மாத்திரையை வாய் வழியா குடுத்துப் பாத்தாங்க, பலன் இருந்துச்சு, ஆனா அதை மாசக்கணக்குல முழுங்கினா இதயத்துக்கு ஆகாது. சரி தோல்லயே தடவினா என்னன்னு டெல்லி எய்ம்ஸ்ல டாக்டர்கள் யோசிச்சு டி-டார்ச்னு ஒரு ட்ரயல் பண்ணாங்க. 264 பேர், மார்பகப் புற்றுநோய்காரங்க, வயிறு குடல் புற்றுநோய்காரங்க. பாதிப்பேருக்கு 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத வெறும் ஜெல், 12 வாரம். தோல் உரிஞ்சு வலிக்கிற அளவுக்குப் போனவங்க வெறும் ஜெல் குரூப்ல 15 சதவீதம், டைக்ளோஃபெனாக் குரூப்ல 3.8 சதவீதம். எரிச்சல் தாங்காம மாத்திரை டோஸைக் குறைக்க வேண்டி வந்தவங்க 13.5-க்கு 3.8. 2024-ல ரிசல்ட் வெளிய வந்துச்சு. முழுக்க நம்ம ஊர்ல, நம்ம ஜனங்ககிட்ட, 50, 100 ரூவா ஜெல்ல வச்சு பண்ண ஆராய்ச்சி. எனக்கு அதுல கொஞ்சம் பெருமையே உண்டு.

இப்பதான் முக்கியமான பாயின்ட். 2024-லயே இந்த ஜெல் வேலை செய்யுதுன்னு தெரிஞ்சு போச்சு, அப்ப உங்க ஆஸ்பத்திரி ட்ரயல்ல அந்த "வேற க்ரீம்" என்ன? அது வெறும் மாய்ஸ்சரைசர்னா, தெரிஞ்ச மருந்தை ஏன் பாதிப்பேருக்கு மறுக்கறீங்கன்னு நீங்க தாராளமா கேக்கலாம், கேக்கணும். அதுவே யூரியா க்ரீம்னா விஷயம் வேற, அதுக்கும் ஆதாரம் இருக்கு, ஜெர்மனியில 152 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு குரூப்புக்கு 10 சதவீத யூரியா க்ரீம் குடுத்துப் பாத்து 2015-ல வெளியிட்டாங்க, அப்ப ரெண்டு நல்ல மருந்துல எது மேல்னு பாக்கறாங்கன்னு அர்த்தம். இந்த ஒரு கேள்விக்கு பதில் வாங்கிட்டு வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

ஊசிநூல்

அக்கா (அக்காதானே?) ரொம்ப நன்றி. அந்த "வேற க்ரீம்" என்னன்னு கேக்கணும்னே எனக்குத் தோணல. ஃபார்ம்ல "கட்டுப்பாட்டுக் குழு"ன்னு போட்டிருக்கு, நான் ஏதோ பத்தியம்னு நெனச்சேன் 😭

வார்டுக்கு வெளிய

அக்காதான் 🙂 கட்டுப்பாட்டுக் குழுன்னா ஒப்பிட்டுப் பாக்கற குரூப். இந்த மொழிபெயர்ப்பெல்லாம் எவனோ ஆபீஸ்ல உக்காந்து பண்ணது, பேஷண்ட்டுக்குப் படிச்சுக் காட்டும்போது நாங்களே வாயாலதான் தமிழாக்கணும்.

பெட் நம்பர் 11

ட்ரயல் பத்தி எனக்குத் தெரியாது, ஆனா இந்தக் கை கால் சமாச்சாரத்தை அனுபவிச்சவன்ங்கிற முறையில சொல்றேன் தங்கச்சி. எனக்கும் அதே கேப்சிடபின்தான், 8 சைக்கிள், அதாவது அந்த 21 நாள் சுத்து 8 தடவை. முதல் சைக்கிள்ல ஒண்ணும் இல்ல, நான் என்னவோ பெரிய பீமன்னு நெனச்சேன். ரெண்டாவதுல உள்ளங்கால்ல ஒரு மதமதப்பு, மணல் மேல நிக்கற மாதிரி. மூணாவதுல கை செவந்து பளபளன்னு ஆச்சு, சுடு தண்ணி பட்டா உயிர் போகும். நான் செஞ்ச தப்பு என்னன்னா டாக்டர்கிட்ட சொல்லல. சொன்னா மாத்திரையைக் குறைச்சிடுவாரு, கேன்சர் திரும்பிடும்னு பயந்து, பல்ல கடிச்சுட்டு இருந்தேன். கடைசியில கால் பித்தவெடிப்பு மாதிரி பொளந்து செருப்பு போட முடியாம போனப்பதான் சொன்னேன், அப்ப 2 வாரம் மாத்திரையை மொத்தமா நிறுத்த வேண்டியதாப் போச்சு. முதல்லயே சொல்லியிருந்தா கொஞ்சம் குறைச்சு ஓட்டியிருக்கலாம்னு டாக்டர் திட்டினார். திட்டு வாங்க வேண்டியதுதான்.

இன்னொரு கூத்து, ரேஷன் கடையில கைரேகை விழல. மிஷின்ல வச்சு வச்சு எடுக்கறேன், தப்பு தப்புன்னு வருது, பின்னாடி க்யூ திட்டுது. இந்த மாத்திரை ரேகையையே அழிச்சிடும்னு எனக்கு அப்பத் தெரியாது. சிங்கப்பூர்காரர் ஒருத்தரை அமெரிக்கா ஏர்போர்ட்ல ரேகை இல்லன்னு 4 மணி நேரம் உக்கார வச்சாங்களாம், டாக்டர் ஒரு லெட்டர் குடுத்தார், அப்ப சொன்ன கதை இது. அமெரிக்கா போறமோ இல்லையோ ரேஷன் கடைக்குப் போகணுமே, அதனால அம்மாவுக்கு பாஸ்புக், ஆதார் வேலை ஏதாவது பாக்கி இருந்தா இப்பவே முடிச்சிடுங்க. கண்ணு ஸ்கேன் பண்ற வசதியும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

பாத்திரம் தேய்க்க விடாதீங்க. சபீனா பட்டா அவ்ளோதான். கோலமாவு, மொளகாய் அரைக்கறது, துணி பிழியறது எல்லாம் நீங்க பாத்துக்கோங்க. ஆக்ஸாலிபிளாட்டினும் போடறதால ஃப்ரிட்ஜ்ல கை விட்டா ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும், தண்ணிய பானையில இருந்து குடிச்சாலே தொண்டைய புடிக்கும், எப்பவும் வெதுவெதுன்னு குடுங்க.

சாத்தூர் சித்தி

மருதாணி வைங்கம்மா. எங்க நாத்தனாருக்கு இதே மாத்திரைதான், வாரம் ரெண்டு தடவை தோட்டத்து மருதாணிய அரைச்சு உள்ளங்கை உள்ளங்கால் ரெண்டுலயும் அப்பிடுவோம், குளுகுளுன்னு இருக்கும், எரிச்சலே இல்ல. இதுக்கு எதுக்கு 9 பக்க ஃபார்ம்?

மலைக்கோட்டை ரவி

சித்தி சொல்றதுதான் கரெக்ட். நம்ம பாட்டி வைத்தியத்தை விட்டுட்டு...

வார்டுக்கு வெளிய

சித்தி, நீங்க சிரிக்காதீங்க, மருதாணிய துருக்கியில டாக்டருங்க கேப்சிடபின்காரங்களுக்கு வச்சுப் பாத்து 2008-லயே எழுதியிருக்காங்க, நிறைய பேருக்கு நல்லா இருந்துச்சாம். ஆனா மொத்தமே 10 பேர்தான், ஒப்பிட இன்னொரு குரூப்பும் இல்ல. உங்க நாத்தனாருக்கு மருதாணி வைக்காமலே எரிச்சல் வராம இருந்திருக்கலாம். டி-டார்ச்ல வெறும் ஜெல் போட்டவங்கள்லயே 80 சதவீதத்துக்கு மேல ஒண்ணுமே வரல, பாத்தீங்களா? அவங்க எல்லாரும் வீட்டுக்குப் போயி "அந்த வெறும் ஜெல் அருமை"ன்னுதான் சொல்லியிருப்பாங்க. குரூப் பிரிச்சு பாக்கறது இந்த ஒரு காரணத்துக்காகத்தான். யாராவது தைரியமா 200 பேர்கிட்ட மருதாணிய ஒழுங்கா ட்ரயல் பண்ணா நான் முதல் ஆளா கை தட்டுவேன்.

வைக்கறதுன்னா தோட்டத்து இலைய அரைச்சு வைங்க. கடையில விக்கிற கறுப்புக் கோன் வேணவே வேணாம், அதுல ஹேர் டை கெமிக்கல் கலக்கறாங்க, நல்ல தோலே பொத்துப் போகும். ட்ரயல்ல சேந்தீங்கன்னா மருதாணி வைக்கறதை அவங்ககிட்ட சொல்லணும், ஒளிச்சு வைக்கக் கூடாது, அப்புறம் எதால நல்லாச்சுன்னே தெரியாது.

அப்புறம் தங்கச்சி, ட்ரயல்ல சேரலன்னு வைங்க, நீங்களாவே முட்டிவலி ஜெல்ல வாங்கித் தடவிடாதீங்க. கடையில கிடைக்கிற பல ஜெல்ல டைக்ளோஃபெனாக்கோட மென்தால், மெத்தில் சாலிசிலேட் எல்லாம் சேந்திருக்கும், எரியற தோல்ல அது இன்னும் எரியும். டாக்டர்கிட்ட கேட்டா சரியானதை எழுதித் தருவார். அம்மாவுக்கு அல்சர், கிட்னி பிரச்சனை, வலி மாத்திரை போட்டா மூச்சு இழுக்கறது, இதுல எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க.

கோவை பிரியனின் கணவன்

(பேர் தப்பா வச்சுட்டேன், பிரியாவின் கணவன்னு வச்சிருக்கணும், இப்ப மாத்த முடியல.)

என் மனைவிக்கு மார்பகத்துல, ஏசின்னு சொல்ற கீமோ, அந்த செவப்பு மருந்து. வாந்திக்கு மத்ததோட ஓலான்சாபின் 10 மில்லிகிராம் எழுதிக் குடுத்தாங்க. மெடிக்கல்ல வாங்கப் போனா கடைக்காரர் என்னைய ஒரு மாதிரி பாக்கறார், "சார் இது மனநோய்க்கு குடுக்கறதாச்சே, வீட்ல யாருக்கு?" எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. அப்புறம் பாத்தா அது கீமோ வாந்திக்கும் நல்லா கேக்கும்னு 2016-லயே பெரிய ட்ரயல் பண்ணி காமிச்சிருக்காங்க, 380 பேர்கிட்ட. சரின்னு குடுத்தோம். வாந்தி நின்னுச்சு, ஆனா மூணு நாள் அவ எந்திரிக்கவே இல்ல. சாப்பாடு ஊட்டும்போதே தூங்கறா. குழந்தை அம்மாவை எழுப்பிப் பாத்துட்டு அழுவுது.

ரெண்டாவது சைக்கிளுக்கு டாக்டர் 2.5-க்குக் குறைச்சுட்டார். நான் பயந்தேன், கால்வாசி மருந்துல என்ன நிக்கும்னு. அவர்தான் சொன்னார், மும்பை டாடா மெமோரியல் டாக்டருங்க இதைத்தான் ட்ரயலா பண்ணாங்க, 2.5-ம் 10-ம் வாந்தியை அடக்கறதுல ஏறக்குறைய ஒண்ணு, 45-க்கு 44 சதவீதம், ஆனா முதல் நாள் அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் 10-ல 40 சதவீதம் பேருக்கு, 2.5-ல 5 சதவீதம்தான்னு. அது 2024-ல வந்த ரிசல்ட். என் மனைவிக்கு அப்படியே நடந்துச்சு, வாந்தியும் இல்ல, அன்னிக்கு சாயங்காலமே உக்காந்து சீரியல் பாத்தா. அந்த ட்ரயல்ல யாரோ ஒரு அம்மா 10 மில்லிகிராம் குரூப்ல விழுந்து மூணு நாள் தூங்கியிருப்பாங்க இல்ல, அவங்க தூங்கினதாலதான் என் வீட்டம்மா முழிச்சிருந்தா. இதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியல.

ரவி சாருக்கு ஒண்ணு, இந்த டோஸ் குறைக்கிற ட்ரயலை எந்தக் கம்பெனியும் பண்ணாது, மருந்து கம்மியா வித்தா அவனுக்கு என்ன லாபம்.

மலைக்கோட்டை ரவி

அது சரி, அந்தப் பாயின்ட்டை ஒத்துக்கறேன். ஆனா நஷ்டஈடு, போக்குவரத்து செலவு இதெல்லாம் யார் குடுப்பா? ராஜபாளையமோ விருதுநகரோ, எந்த ஊரோ தெரியல, ஒவ்வொரு தடவையும் மதுரைக்கோ சென்னைக்கோ அலைஞ்சா அந்தக் காசுல நாமளே ஜெல் வாங்கிடலாம்.

ஊசிநூல்

அண்ணா எப்படிக் கண்டுபிடிச்சீங்க, ராஜபாளையம்தான் 😅 மதுரைக்குப் போறோம்.

வார்டுக்கு வெளிய

நல்ல கேள்வி, இதைத்தான் எல்லாரும் கேக்கணும். வியாழக்கிழமை போகும்போது இதெல்லாம் கேளுங்க, கூச்சமே படாதீங்க. ட்ரயலுக்குன்னு தனியா வரணுமா இல்ல கீமோவுக்கு வர்ற அன்னிக்கே பாத்து அனுப்பிடுவாங்களா, தனியா வரணும்னா பஸ் காசு குடுப்பாங்களா. ஜெல்லு, க்ரீம் ரெண்டுமே இலவசமா. ஃபோட்டோ எடுப்பாங்களா, எடுத்தா முகம் தெரியுமா. தோல்ல அலர்ஜி ஆச்சுன்னா ராத்திரி யாருக்கு போன் பண்ணணும். ட்ரயலால உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்த வைத்தியத்தை அவங்க செலவுல பாக்கணும், நஷ்டஈடு உண்டு, மருந்து ட்ரயலுக்கான 2019 ரூல்ஸ்ல இதெல்லாம் எழுதியாச்சு, ரவி சார் சொன்ன மாதிரி சம்பவங்க நடந்து கோர்ட்டு கேஸுன்னு போனதாலதான் ரூல்ஸ் இறுகுச்சு. ஃபார்மோட ஒரு காப்பி உங்க கையில குடுக்கணும். அதுல எதிக்ஸ் கமிட்டி (ட்ரயல்ல சேர்றவங்க பாதுகாப்பைப் பாக்கற குழு) ஆள் பேரு, போன் நம்பர் இருக்கணும், ட்ரயல் நடத்தற டாக்டர்கிட்ட சொல்ல முடியாததை அங்க சொல்லலாம்.

சிடிஆர்ஐ நம்பர்னு ஒண்ணு இருக்கான்னு பாருங்க. நம்ம நாட்டுல நடக்கற ட்ரயலைப் பதிவு பண்ற அரசாங்கப் பதிவேடு அது, 2007-ல ஆரம்பிச்சு 2009-ல கட்டாயமாக்கினாங்க. அந்த நம்பரை அவங்க சைட்ல போட்டா எத்தனை பேரு, எந்த குரூப்புக்கு என்ன, யார் காசு, எல்லாம் வரும். இங்கிலீஷ்லதான் இருக்கும், வேணும்னா இங்க போடுங்க, நான் படிச்சுச் சொல்றேன்.

சேரலன்னா டாக்டர் கோவிச்சுக்கக் கூடாது. சேந்துட்டு நடுவுல பிடிக்கலன்னா காரணமே சொல்லாம வெளிய வரலாம். நான் வேலை பாத்தப்ப ஒரு பாட்டி 4-வது வாரம் "இந்த வாசனை எனக்கு ஆகல"ன்னு ட்யூபை டேபிள்ல வச்சுட்டுப் போயிட்டாங்க, அடுத்த கீமோ அன்னிக்கு அதே டாக்டர் அதே மாதிரி பாத்தார். எல்லா இடத்துலயும் இப்படித்தான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா ரூல் இதுதான்.

கையெழுத்து நீங்க போடக்கூடாது, பெரியப்பாவும் போடக்கூடாது. அம்மா போடணும். அம்மா என்ன சொல்றாங்கன்னு இந்த திரி முழுக்க யாரும் கேக்கலையே!

பெட் நம்பர் 11

அப்படிப் போடு.

சிவில் இன்ஜினியர் செல்வம்

கொஞ்சம் சம்பந்தம் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா கேட்டுட்டுப் போங்க. எத்தனை சைக்கிள்னு சொன்னாங்க, 4-ஆ 8-ஆ? 4-ன்னா 3 மாசம், 8-ன்னா 6 மாசம். எங்க அப்பாவுக்கு முதல்ல 8-ன்னாங்க. பெருங்குடல், மூணாவது ஸ்டேஜ்னா 3 மாசம் போதுமா 6 மாசம் வேணுமான்னு 6 ட்ரயலை ஒண்ணா சேத்து 12,834 பேரோட கணக்கைப் பாத்திருக்காங்க, ஐடியான்னு பேரு, 2018-ல வந்துச்சு. மொத்தமா பாத்தா 3 மாசமும் 6 மாசமும் ஒண்ணுன்னு அடிச்சுச் சொல்ல முடியல, ஆனா ரிஸ்க் கம்மியா இருக்கறவங்களுக்கு கேபாக்ஸ்னா 3 மாசமே போதும்னு தெரிஞ்சுது. அந்த ஆக்ஸாலிபிளாட்டினால விரல் மரத்துப் போறது, கேபாக்ஸ் 6 மாசம் போட்டவங்கள்ல நூத்துக்கு 45 பேருக்கு தொந்தரவு குடுக்கற அளவுக்கு, 3 மாசத்துல 14 பேருக்குத்தான். தைக்கிறவங்களுக்கு தோல் உரியறதை விட இந்த மரத்துப் போறதுதான் பெரிய வில்லன், தோல் மாத்திரையை நிறுத்தினா வளந்துடும், இது சிலருக்கு வருஷக்கணக்குல நிக்கும். அப்பாவுக்கு இன்னும் சட்டை பட்டன் நான்தான் போட்டு விடறேன்.

உங்க அம்மா எந்த வகைன்னு டாக்டருக்குத்தான் தெரியும், எத்தனை நெறிக்கட்டியில பரவியிருக்கு, கட்டி எவ்ளோ ஆழம் போயிருக்குங்கிறதைப் பொறுத்தது. ஆனா "அம்மா தையல்காரங்க"ங்கிற வார்த்தையை டாக்டர் காதுல போடுங்க, அவர் ஃபைல்ல அது இருக்காது.

சாத்தூர் சித்தி

மரத்துப் போறதுக்கு ஒரு நரம்பு மாத்திரை இருக்கும்மா, கார்னிடின்னு, இயற்கைதான், ஒண்ணும் பண்ணாது, முன்னாடியே ஆரம்பிச்சா நல்லது.

வார்டுக்கு வெளிய

சித்தி மன்னிச்சுக்கோங்க, இதுல மட்டும் கறாரா சொல்றேன், வேணாம். அசிட்டைல் எல் கார்னிடினை "ஒண்ணும் பண்ணாது"ன்னு நம்பித்தான் அமெரிக்காவுல 409 பெண்களுக்கு ட்ரயல் வச்சாங்க, மார்பகப் புற்றுநோய், வேற கீமோதான், ஆனா அதுவும் நரம்பை மரக்க வைக்கிற கீமோ. 2013-ல ரிசல்ட் வந்து பாத்தா 24 வாரத்துல மருந்தே இல்லாத சும்மா மாத்திரை போட்டவங்களை விட கார்னிடின் போட்டவங்களுக்கு மரத்துப் போறது அதிகமா இருந்துச்சு. அந்த ட்ரயல் பண்ணாம இருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது, இன்னிக்கும் ஆளாளுக்கு வாங்கித் தின்னுட்டு இருப்பாங்க. அதே மாதிரிதான் கை எரிச்சலுக்கு பி6 விட்டமின், எத்தனையோ வருஷமா எழுதிக் குடுத்தாங்க, கொரியாவுல ஒழுங்கா சோதிச்சுப் பாத்தா தடுக்கறதுல அதுக்கும் சும்மா மாத்திரைக்கும் வித்தியாசமே இல்ல.

சாத்தூர் சித்தி

சரிடி ஆத்தா. மருதாணிய மட்டும் விட மாட்டேன்.

ஊசிநூல்

எல்லாரும் என்ன ஆச்சுன்னு கேட்டு மெசேஜ் போட்டிருந்தீங்க, லேட்டா வர்றதுக்கு ஸாரி. முதல் சைக்கிள் முடிஞ்சு ரெண்டாவது ஓடிட்டிருக்கு.

வியாழக்கிழமை போயி கேட்டேன். அந்த இன்னொரு க்ரீம் யூரியாதான் அக்கா. சிடிஆர்ஐ நம்பர் ரெண்டாவது பக்கத்துலயே இருந்துச்சு, நான்தான் பாக்கல. பஸ் காசு தனியா கிடையாது, ஆனா கீமோ அன்னிக்கே பாத்துடுவாங்களாம். செல்வம் அண்ணா சொன்னதையும் சொன்னேன், டாக்டர் பேனாவை கீழ வச்சுட்டு "என்ன தைப்பாங்க?"ன்னு கேட்டார். முதல்ல 4 சைக்கிள், அப்புறம் உக்காந்து பேசுவோம்னு சொல்லியிருக்கார்.

அந்தப் பொண்ணு அம்மாகிட்ட ஃபார்மை ஒரு மணி நேரம் படிச்சுக் காட்டுச்சு. அம்மா கேட்டது ஒரே கேள்விதான், "ஜெல்லு துணியில பட்டா கறை பிடிக்குமா?" ஆர்டர் துணி இல்லையா. அந்தப் பொண்ணுக்கே பதில் தெரியல, ஒரு சொட்டு எடுத்து அதோட துப்பட்டா ஓரத்துல தேச்சுப் பாத்துச்சு. அப்பதான் அம்மா சிரிச்சாங்க, ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவையா. கையெழுத்தும் போட்டாங்க. பெரியப்பா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு காப்பி குடிக்கப் போயிட்டார்.

கம்ப்யூட்டர் யூரியா க்ரீம் குரூப்ல போட்டுடுச்சு. அம்மாவுக்கு கொஞ்சம் ஏமாத்தம், டெல்லி ஜெல்லு கிடைக்கலன்னு. தினமும் ஒரு சின்ன நோட்டுல எழுதணும், எத்தனை தடவை தடவினாங்க, எரிச்சல் இருக்கா, வலி இருக்கான்னு. அம்மா அதை அளவு நோட்டு மாதிரியே கட்டம் போட்டு எழுதறாங்க. நேத்து வரைக்கும் "செவப்பு லேசா, எரிச்சல் இல்ல, ஊசி பிடிக்குது." ஃப்ரிட்ஜ் பக்கம் போக விடறதில்ல. பாத்திரம் நான்தான்.

இப்ப ஒரு பிரச்சனை, க்ரீம் தடவிட்டு பெடல்ல கால் வச்சா வழுக்குது. சாக்ஸ் போடலாம்னு பாத்தா கடையில எல்லாம் நைலான் கலந்ததுதான் இருக்கு, கால் புழுங்குது. சுத்தக் காட்டன்ல, இறுக்கமா இல்லாம, ராஜபாளையம் பக்கம் எங்கயாவது கிடைக்குமா?

பெட் நம்பர் 11

பழைய காட்டன் பனியனை வெட்டி அம்மாவையே தைக்கச் சொல்லு தங்கச்சி. தையல் உள்பக்கம் வராம வெளிப்பக்கமா இருக்கட்டும், உறுத்தும். எனக்கும் ரெண்டு ஜோடி, சைஸ் 9, தோல் வளந்துடுச்சு ஆனாலும் கால் இன்னும் கொஞ்சம் கூசுது.